ரேடியேட்டருக்கு ஒரு வலை: ஏற்காடு ஏறும் புதியவர்களுக்கு

இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் என்ற திரவம் சூடாக ஒழுகினால் ஓர் இனிப்பு வாசனை வரும். வெல்லப்பாகு முறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அது மாதிரி. ஒரு காலையில் குப்பனூர் வழியாக பைக்கில் ஏற்காடு ஏறும்போது எனக்கு அந்த வாசனை வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ஏதோ காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்த வளைவில் பேண்ட் நனைந்திருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், கூலண்டை ஆறவைக்கும் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் மிளகளவு ஒரு குழி. அதிலிருந்து பச்சைத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தது. பைக் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. புது ரேடியேட்டரின் பில்லைப் பார்த்த பிறகுதான் மட்கார்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், வலைக்கண் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தேன்.

சேலத்தில் பைக் வாங்கியவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்குத்தான் வண்டியைத் திருப்புவார். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்தால் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இவை.

முதலில் வண்டி முன் உட்காருங்கள்

டார்ச்சோடு முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து, டயருக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஆர்15, டியூக் 390, டொமினார் 400, ஹிமாலயன் 450 போன்றவை கூலண்ட் ஓடும் வண்டிகள். இஞ்சினுக்கு முன்னால் அகலமான ரேடியேட்டர் நிற்கும், அதன் முதுகில் மின்விசிறி இருக்கும். பழைய ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650, அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி போன்றவற்றில் சின்னதாக ஆயில் கூலர் இருக்கும். அதற்குள் ஓடுவது இஞ்சின் ஆயில். ஸ்பிளெண்டர் மாதிரி காற்றில் குளிரும் வண்டி என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, நிம்மதியாகப் போய் தட்டுவடை செட் சாப்பிடுங்கள்.

ரேடியேட்டரை உற்றுப் பார்த்தால் தட்டையான அலுமினியக் குழாய்கள் வரிசையாக இருக்கும். குழாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மெல்லிய தகடுகள்தான் ஃபின். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளைவிடக் கொஞ்சம் தடிமன் இருந்தால் அதிகம். நகம் பட்டாலே மடங்கும். ஃபின் மடங்கினால் அந்த இடத்தில் காற்று போகாது, அவ்வளவுதான். குழாய் ஓட்டையானால் பயணம் அங்கேயே முடிந்தது.

புது வண்டியிலேயே இரண்டு மூன்று ஃபின் மடங்கியிருக்கலாம். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் கல் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். என் வண்டியில் அடிபட்ட இடங்கள் ஏறக்குறைய எல்லாமே கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருந்தன. காரணம் இல்லாமல் இல்லை.

கல் எங்கிருந்து வருகிறது

எனக்கும் முன்னால் போகிற டிப்பர் லாரி மேல்தான் சந்தேகம் இருந்தது. பாதி சரி. மீதிக் குற்றவாளி நம் முன்சக்கரமே. சக்கரம் உருளும்போது அதன் பின்பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது. டயர் காடியில் சிக்கிய பேபி ஜல்லி, தரையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்தில் கழன்று, பின்னோக்கியும் மேல்நோக்கியும் பறக்கும். அந்த வழியில் நிற்பது ரேடியேட்டரின் அடிப்பகுதியும் சைலன்ஸர் பைப்பும்தான். மட்கார்டு குட்டையாக முடிகிற வண்டியில் இதைத் தடுக்க எதுவுமில்லை. இப்போது வருகிற வண்டிகளில் அழகுக்காக மட்கார்டைக் குட்டையாக்கிவிட்டார்கள் என்பது என் தனிப்பட்ட புகார்.

லாரி கதை வேறு. லாரி டயர் எறிகிற கல் பெரும்பாலும் காற்றில் வேகம் இழந்து அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான் வரும். நாம்தான் போய் அதில் மோதுகிறோம். 70-ல் போனால் 70-ல் மோதுகிறோம். 50-ல் மோதும் கல்லோடு ஒப்பிட்டால் 70-ல் மோதும் அதே கல்லின் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓமலூர் தாண்டி தொப்பூர் பக்கம் போகிற நெடுஞ்சாலையில் இதோடு வெடித்த லாரி டயரின் ரப்பர் துண்டுகளும் சேர்ந்துகொள்ளும்.

மலைப் பாதையில் கல் கிடக்கும் இடம் பழகப் பழகத் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து மண்ணும் சரளையும் வழிந்து வளைவின் உள்பக்கம் தேங்கும். பேட்ச் போட்ட இடங்களில் ஒட்டாத ஜல்லி கொஞ்ச நாள் உருண்டுகொண்டே இருக்கும். அந்த இடங்களில் முன்னால் போகிறவரோடு ஒட்டிக்கொண்டு போகாமல் மூன்று நான்கு வண்டி நீளம் விட்டுப் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். வலை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் காசில்லாமல் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

மட்கார்டை நீட்டுங்கள்

காசு செலவழிப்பதென்றால் முதல் செலவு இங்கே. மட்கார்டின் பின்முனையில் ஒட்டுகிற நீட்டிப்புத் துண்டை எக்ஸ்டெண்டர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். உங்கள் மாடலுக்கு இல்லையென்றால் பழைய லாரி டியூப் ரப்பரில் ஒரு துண்டு போதும். நான் அதைத்தான் முதலில் போட்டேன். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

டியூப் ரப்பரை டயர் அகலத்துக்கு ஒரு விரல் கூடுதலாக வெட்டுங்கள். மட்கார்டு முனையின் உள்பக்கம் நான்கு விரல் அளவு ஏறியும், கீழே சுமார் 10 செ.மீ. தொங்கியும் இருக்கட்டும். மட்கார்டைத் துடைத்துக் காயவைத்து, இரண்டு சின்ன போல்ட்டு, அகலமான வாசர், அதிர்வில் கழலாத நைலாக் நட்டு போட்டு இறுக்குங்கள். போல்ட்டின் தலை டயர் பக்கமும், நட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மறைப் பகுதியும் வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டு டயரில் கோடு விழுந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததை மறக்காதீர்கள். முன் ஃபோர்க் அமுங்கும்போது சக்கரமும் மட்கார்டும் மேலே மட்டும் போவதில்லை, இஞ்சினை நோக்கிப் பின்னாலும் வரும். நின்ற வண்டியில் அரை சாண் இடைவெளி இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒருவர் உட்கார்ந்து முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை முழு பலத்தோடு அமுக்கட்டும், இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அமுங்கிய நிலையிலும் துண்டு சைலன்ஸர் பைப்பில் படாமல் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். கையால் அமுக்குவதைவிடப் பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் இன்னும் கூடுதலாக அமுங்கும். சூடான பைப்பில் ரப்பர் பட்டால் வாசனையே காட்டிக்கொடுக்கும். கடினமான பிளாஸ்டிக் பட்டால் உடைந்து சக்கரத்தில் சிக்கும், அது ஆபத்து.

வலை எப்படி இருக்க வேண்டும்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிறார்கள். நானும் செய்தேன். வண்டியின் பெயரைத் தகட்டில் வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்த கார்டு (ரேடியேட்டர் காப்பு) ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். மே மாதம், கோடை விழா நேரம். பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மீட்டரில் வெப்பம் காட்டும் கோடு வழக்கத்தைவிட இரண்டு கட்டம் மேலே போய் நின்றது. மின்விசிறி ஓய்வே இல்லாமல் ஓடியது. வளைவோரம் நிறுத்தி ஆலன் கீயால் அதைக் கழற்றிப் பையில் போட்ட பிறகுதான் வண்டி அடங்கியது. கல்லைத் தடுக்க வந்தது காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஸ்கேலால் அளந்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சதுரக் கண் வலை என்றால், கண்ணின் அகலத்தை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். கண் 6 மி.மீ., கம்பி 1 மி.மீ. என்றால் ஏழில் ஆறு, அதன் வர்க்கம் 73 சதவீதம். அவ்வளவு பரப்பு காற்றுக்குத் திறந்திருக்கிறது. அதே கம்பியில் கண் 3 மி.மீ. என்றால் 56 சதவீதம்தான். வட்டத் துளை போட்ட தகடு இன்னும் மோசம்: 5 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 8 மி.மீ., ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியது என்றால் 35 சதவீதம்தான் திறப்பு. பார்வைக்கு நிறைய ஓட்டை இருக்கிற மாதிரி தெரியும், அளந்தால் குட்டு வெளிப்படும். 70-க்குக் கீழே இருப்பதை நான் வாங்க மாட்டேன்.

அப்படியானால் கண்ணை இன்னும் பெரிதாக்கலாமே என்று தோன்றும். லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் போடுகிற அரை இஞ்சு வலையைச் சிலர் மாட்டுகிறார்கள். காற்று அருமையாகப் போகும், பேபி ஜல்லியும் அருமையாகப் போகும். ரோடு போட எடுக்கிற சின்ன ஜல்லி 6 மி.மீ., 12 மி.மீ. அளவுகளில் வருவது. கால் இஞ்சுக் கண் உள்ள வலை இரண்டுக்கும் நடுவில் நியாயமான சமாதானம். கொசுவலை வேண்டவே வேண்டாம். கணக்கில் திறப்பு நன்றாக வந்தாலும், முதல் மழைக்குப் பிந்திய ஒரே சாயங்காலத்து ஈசல் போதும், முழுசாக அடைத்துவிடும்.

எவர்சில்வர் கம்பி வலை துருப்பிடிக்காது, அடி வாங்கினாலும் கிழியாது. துத்தநாகப் பூச்சு வலை மலிவு, ஆனால் வெட்டிய முனைகளில் துரு ஏறும். அலுமினிய வலை பளபளவென்று இருக்கும், முதல் பெரிய கல்லிலேயே குழியும். என் ஓட்டு எவர்சில்வருக்கு.

மாட்டுவது

இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மாடலுக்கென்றே செய்த கார்டு என்றால் ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலேயே உட்காரும். 8 எண் அல்லது 10 எண் ஸ்பேனர் போதும். நீங்களே செய்வதென்றால் அட்டையில் ரேடியேட்டரின் முகத்தை அளவெடுத்து வெட்டி, அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். "அண்ணே, சுற்றி ஒரு பட்டை ஃபிரேம் அடித்து உள்ளே வலையை வைத்துக் கொடுங்கள், காது ரெண்டு விடுங்கள்" என்றால் புரிந்துகொள்வார்கள். வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்க மட்டும் விடாதீர்கள். பேட்டரி, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே அடித்துக்கொண்டு வந்து மாட்டுவதே சரி.

வலைக்கும் ஃபின்னுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். வலை கல்லடியில் உள்ளே குழியும், குழிந்தாலும் குழாயைத் தொடக்கூடாது. ஒட்டி வைத்த வலை இன்னொரு வேலையும் செய்யும்: இஞ்சின் அதிர்வில் எஃகுக் கம்பி அலுமினியத்தை அரம் மாதிரி அறுக்கும். கல் வந்து செய்ய வேண்டியதைக் காவலுக்கு வைத்தவனே செய்துமுடித்துவிடுவான். தொடும் இடங்களில் ரப்பர் வாசர் போடுங்கள்.

வலையை கேபிள் டை போட்டு ஃபின் வழியே கோர்த்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டைக்கு வழி போடக் குத்தும் ஊசி ஒரு மயிரிழை விலகினால் குழாயில் இறங்கும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஓரச் சட்டத்தில் கட்டுங்கள். போல்ட்டு நீளத்தையும் சரிபாருங்கள். பழைய போல்ட்டைவிட நீளமானதைப் போட்டு, அதன் முனை விசிறியில் உரசிய கதையும் உண்டு. மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், எதுவும் இடிக்கக் கூடாது.

ஆயில் கூலருக்கும் இதே முறைதான். அளவு சின்னது, அதனால் வலை அடைப்பதும் சீக்கிரம் நடக்கும். குழாய் இணைப்புகளில் மட்டும் கை வைக்க வேண்டாம், அவற்றைத் திருகினால் ஆயில் கசியும்.

ஏற்றிப் பார்ப்பது

வலை சரியா என்று தெருவில் ஒரு சுற்று சுற்றித் தெரிந்துகொள்ள முடியாது. இறக்கத்திலும் தெரியாது, இஞ்சினுக்கு அங்கே வேலையே இல்லை. வலை இல்லாமல் ஒருமுறை, வலையோடு ஒருமுறை, நாளின் அதே வேளையில், ஒரே ஆள் சுமையோடு அடிவாரத்திலிருந்து மேலே போய்வாருங்கள். வெப்பக் கோடு எந்த வளைவில் எத்தனையில் நின்றது, விசிறி எப்போது ஓடியது என்று செல்போனில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள், நின்ற பிறகுதான். கோடு ஒரு கட்டம் கூடினால் பயப்பட வேண்டாம். சிவப்பை நெருங்கினாலோ, விசிறி நிற்காமல் ஓடினாலோ அந்த வலை உங்கள் வண்டிக்கு ஆகாது. ஆயில் கூலர் வண்டிகள் பலவற்றில் வெப்பக் கோடே இருக்காது. அவற்றில் திறப்பு அதிகமுள்ள வலையாகப் பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி.

கழுவுவதும் பார்ப்பதும்

வாட்டர் சர்வீஸ் கடையில் அந்தத் துப்பாக்கியை ரேடியேட்டருக்கு நேரே காட்டினால் கல் செய்யாத சேதத்தைத் தண்ணீர் செய்யும். ஃபின்கள் வரிசையாகச் சாய்ந்துபோகும். "தம்பி, முன்னாடி நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் சாதாரண டியூபில் தண்ணீர் விட்டு, முடிந்தால் விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளினால் பூச்சியும் மண்ணும் வந்த வழியே போகும். காய்ந்த ஈசல் இறகு பிடிவாதமானது, ஊறவிட்டுப் பழைய பல் பிரஷால் ஃபின் ஓடும் திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

மடங்கிய ஃபின்னை நிமிர்த்த நான் காலாவதியான ஏடிஎம் கார்டை முக்கோணமாக வெட்டி வைத்திருக்கிறேன். மெல்ல நுழைத்து, பக்கவாட்டில் அசைத்தால் நிமிரும். ஊசி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கிட்டே வரக்கூடாது. நாலைந்து ஃபின் நிமிராமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கருப்பூர், மாமாங்கம் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு வெள்ளைத் தூசு படியும். தொல்லைதான், ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. காய்ந்த வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ஈரமாகக் கறுத்த ஒரு திட்டு தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது. கழுவுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், கழுவிய பிறகு அது தெரியாது.

அதையும் மீறி அடிபட்டால்

இனிப்பு வாசனை, நனைந்த கால், ஏறும் வெப்பக் கோடு. மூன்றில் எது வந்தாலும் வளைவைத் தாண்டி அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும்.

ஆறிய பிறகு ஓட்டை சின்னதாக இருந்தால், சுற்றியுள்ள ஃபின்னை விலக்கி, துடைத்து, இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டும் எம்சீல் மாதிரியான எபாக்ஸி மாவை அழுத்திவிடலாம். அது இறுகும் நேரத்தைப் பாக்கெட்டில் பார்த்துப் பொறுமையாக உட்கார வேண்டும். பிறகு குடிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடி மெதுவாக இறங்கலாம். பட்டறை வரைக்கும்தான் அந்த ஒட்டு. தண்ணீர், அதுவும் போர் தண்ணீர், உள்ளே உப்புப் படியவைக்கும் என்பதால் ஊருக்கு வந்ததும் கழுவிவிட்டு, சரியான கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள். ரோட்டில் கொட்டியதையும் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே மண்ணைப் போடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

ஆயில் கூலர் ஓட்டையானால் இந்தக் கை வைத்தியம் எதுவும் கிடையாது. ஆயில் அழுத்தம் போனால் இஞ்சின் நிமிடங்களில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தெறிக்கிற ஆயில் நேராகப் பின்டயருக்குப் போகும், வளைவில் அதைவிடக் கெட்டது வேறில்லை. ஆயில் விளக்கு எரிகிறதோ இல்லையோ, ஒழுக்கைப் பார்த்தால் ஸ்டார்ட் செய்யக்கூடாது. இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். இஞ்சின் பிடிமானம் இல்லாமல் அத்தனை வளைவும் பிரேக்கிலேயே இறங்கினால் பாதியிலேயே பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும்.

குட்டியானை ஒன்றைக் கூப்பிடுங்கள். ஏற்றும்போது முன்சக்கரம் கேபின் சுவரை நேராகப் பார்த்து நிற்கட்டும். கயிற்றை ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கட்டையில் போட்டு இரண்டு பக்கமும் இழுங்கள். கட்டுகிறவர் கண்ணுக்கு உங்கள் புது ரேடியேட்டர் கார்டு நல்ல பிடிமானமாகத் தெரியும். அதில் மட்டும் கட்ட விடாதீர்கள்.